ஆமைத் தேடலுக்கு ஒரு திருத்தம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மாற்றி அமைத்த மருந்துத் தேடல் இணையப் பக்கம் நேற்று மாலை பழைய முறைக்கே திருப்பப்பட்டுவிட்டது. சொன்னவர் மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். தொலைபேசியில் கேட்டேன், பிறகு நேரில் போயும் கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "ஆமையை விரட்டிட்டோம்னு உங்க பேப்பர்ல போட்டீங்க. வந்தது முயலுங்க. பாதி வழியில தூங்கிடுது" என்றார்.

நீ போனை எடுப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் "பிறகு பேசலாம்" என்று ஒரு வரி வருகிறது. காகிதத்தில் எழுதிப் போட்டால் கடைசி வரை படிப்பான் என்று உன் அண்ணன்தான் யோசனை சொன்னார். சொன்ன கையோடு, "ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைத் தபால்பெட்டி ஆக்கிடாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டார். அதனால் தபால்தலையை நானே ஒட்டி நானே போட்டுவிட்டேன்.

நடந்ததில் நமக்குள் கருத்து வேறுபாடு வரக்கூடாது. வரிசையாக எழுதுகிறேன். உன் அலுவலகத்தில் நீ ஒரு சோதனை செய்தாய். இணையப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு உள்ள இரண்டு முறைகளை ஒப்பிட்டு, உன் முறை நூறு மடங்கு வேகம் என்று அட்டவணை போட்டாய். வீட்டுக்கு வந்து அதை எனக்குக் காட்டினாய். எங்கள் வெள்ளிக்கிழமைத் தொழில்நுட்பப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. எழுதினேன். "ஆமைத் தேடலுக்கு விடை, இனி நூறு மடங்கு வேகம்" என்ற தலைப்பும் நான் வைத்ததுதான்.

அதற்குப் பிறகு கடைக்காரர் ஒருவர் பத்திரிகைக்குப் புகார் எழுதினார். அரசு மருத்துவமனைக்கு எதிரே கடை. போய்ப் பார்த்தேன். கல்லா மேசையில் ஒரு பழைய போன். பின்மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தார். என் கண் முன்னாலேயே மருந்தின் பெயரை அடித்தார். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தயங்கித் தயங்கி வந்தன. பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. "மூணு எழுத்து அடிக்கறதுக்குள்ள போன் சூடாயிடுது பாருங்க. குளிர்காலத்துல கொடுத்திருந்தா உபயோகமா இருந்திருக்கும்" என்றார். இழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா போன வாரம் அங்கே வந்து நின்றாராம். எந்தக் கடையில் அந்த மருந்து இருக்கிறது என்று பக்கம் சொல்வதற்குள், இவரே குத்துமதிப்பாக ஒரு கடையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "நிஜமாவே அளந்தியா?" நீ, "அண்ணி, நீங்க எழுதறது கதை. நான் எழுதறது கணக்கு" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய். கேட்ட இடம் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

எனக்கு அட்டவணை வேண்டாம். சோதனையே வேண்டும். நீ எழுதிய நிரலை அச்சடித்து அனுப்பு. அந்தச் செய்தியின் மேல் என் பெயர் இருக்கிறது.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடைசி வரை படித்தேன். அண்ணன் என்னைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்.

இந்தப் புது ஊரில் எனக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அலுவலகத்து ஏ.சி.யின் சூடான காற்று. காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறேன். குழுத் தலைமை என்றால் எல்லோருடைய தப்புக்கும் நான் பதில் சொல்வது என்று இப்போதுதான் தெரிகிறது. இதற்கு நடுவில் உங்கள் விசாரணைக் கமிஷன்.

கேட்டதை இணைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். உங்களுக்குப் புரியாது என்று சொன்னால் கோபம் வரும், அதனால் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் உள்ள மருந்துப் பட்டியல் நீளமானது. ஒரே மருந்தை ஒருவர் பெரிய எழுத்தில் போட்டிருப்பார், ஒருவர் நடுவில் கோடு போட்டிருப்பார், ஒருவர் இடைவெளி விட்டிருப்பார். தேடுகிறவர் எப்படி அடித்தாலும் கிடைக்க வேண்டும். பழைய முறை ரெஜெக்ஸ். "இந்த எழுத்துகள், நடுவில் கோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி" என்று குறிகளால் ஒரு வார்ப்பு செய்து, ஒவ்வொரு வரியையும் அந்த வார்ப்பில் பொருத்திப் பார்ப்பது. என் முறை எளிமையானது. வரியில் உள்ள கோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்துவிட்டு, "இதற்குள் அது இருக்கிறதா?" என்று நேராகக் கேட்பது. வார்ப்பு கிடையாது, சுற்றி வளைப்பு கிடையாது. வேகமாக இருக்காமல் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே சொல்லுக்கு, ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, கடிகாரம் வைத்து அளந்தேன். நூறு மடங்கு. எண் பொய் சொல்லாது அண்ணி. ரப்பர் பேண்டு போட்ட போன் வேண்டுமானால் சொல்லும்.

ஆமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள் என்று தெரியும். பழைய முறையை எழுதியவள் தலைமை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. திங்கள்கிழமைக் கூட்டத்தில் இரண்டு முறைகளையும் திரையில் போட்டு, அவளுடையதைக் காட்டி "இது ஆமை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முறைக்கு வைத்த பேர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு யாரோ, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க, நம்ம ஆபீஸ் கதை என்னாகுமோ" என்று ஆரம்பித்தார்கள். அதை நான் சொல்லவில்லை. அவள் வேறு பிரிவுக்குப் போனதும் அவளாகக் கேட்டுப் போனதுதான்.

சாப்பாட்டில் எழுந்து போனது தப்புதான். அன்றைக்கு மட்டும் குழம்பு நன்றாக இருந்தது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

குழம்பு வைத்தது உன் அண்ணன். சொன்னேன். "மட்டும்" என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்.

நேற்று உன் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். நீ ஆமை என்கிறாயே, அந்தப் பெண்ணைப் பார்த்தேன். செய்தி எழுதும் முன்பு பார்த்திருக்க வேண்டியவர். இப்போது புகார் மேசையில் இருக்கிறார். நடைபாதையின் கடைசி, பிரிண்டருக்குப் பக்கத்தில். யாராவது அச்சடிக்கும்போதெல்லாம் அந்த மேசை லேசாக ஆடுகிறது. நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும். அந்தச் செய்தியை எழுதினவங்க" என்றார். எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அட்டவணையைத் திரையில் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். சண்டை போடுவார், உன்னைத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

"நம்பினேன். நூறு மடங்குன்னு நிக்குதே. வீட்டுக்குப் போயி நான் எழுதினதை எடுத்து வெச்சுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்க தப்புன்னே தெரியல. தப்பு செஞ்சது ஒண்ணு, அது தெரியாம இருக்கறது ரெண்டுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் நானே இந்த மேசையைக் கேட்டு வாங்கிட்டேன்."

அந்த நேரம் ஒருவர் கடந்து போனார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "ஆமை, டீ வந்துடுச்சு" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது பெயராகவே ஆகிவிட்டது. இவரும் "வரேன்" என்று பதில் சொன்னார்.

கிளம்பும்போது தானாக ஒன்று சொன்னார். "எங்க வீட்ல உங்க பேப்பர்தான். எங்க மாமனார் முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிப்பார். அந்த வெள்ளிக்கிழமை, 'உங்க ஆபீஸைப் பத்திப் போட்டிருக்கான், யாரும்மா அந்த ஆமை?'ன்னு கேட்டார். தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இதை எந்த விளக்கமும் இல்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

இனி உன் இரண்டு பக்கம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அதிகாரிகள் தரும் எண்களை இருபது வருடத்துக்கு மேலாகப் படித்து வருகிறேன். தண்ணீர் லாரி எத்தனை நடை போனது என்று அவர்கள் சொல்வார்கள். எத்தனை வீட்டில் விழுந்தது என்று கேட்பது எங்கள் வேலை. அப்படித்தான் உன் பக்கங்களையும் படித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் "இருக்கிறதா?" என்று கேட்கிறாய். சரி. "இருக்கிறது", "இல்லை" என்று பதில் வருமே, அதை எங்கே எழுதி வைக்கிறாய்? கடைசியில் நேரத்தை மட்டும்தான் அச்சிடுகிறாய். எத்தனை கிடைத்தது?

இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லோரிடமும் கேட்பேன். உன்னிடம் கேட்கவில்லை.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

நீங்கள் கேட்டது எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்து, எத்தனை கிடைத்தது என்று அச்சிடச் சொல்லி, திரும்ப ஓட்டினேன்.

இப்போது எழுத முடியவில்லை. அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அனுப்பிவிடுவேன்.

நடந்தது இதுதான். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் நூறு மடங்கு காணாமல் போய்விட்டது. நிரலை ஓட்டும் எந்திரம் புத்திசாலி. ஒரு வேலையைச் செய்து வரும் விடையை யாருமே பயன்படுத்தப் போவதில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டால், அந்த வேலையையே விட்டுவிடும். என் முறையில் "இருக்கிறதா?" என்று ஆயிரக்கணக்கான முறை கேட்டேன். பதிலை ஒருமுறைகூட வாங்கிக்கொள்ளவில்லை. எந்திரம் அதைப் பார்த்தது. கேட்பவனுக்கே பதில் வேண்டாம் என்றால் நமக்கென்ன என்று தேடாமலே தாண்டிப் போய்விட்டது. ரெஜெக்ஸ் விஷயத்தில் அந்தத் துணிச்சல் அதற்கு வராது. ரெஜெக்ஸ் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தனக்குள் ஏதாவது ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், சொன்ன வேலையை எந்திரம் முழுக்கச் செய்தது.

ஆக, ஒருவர் ஓடினார். இன்னொருவன் ஓடவே இல்லை. ஓடாதவனுக்கு நான் கோப்பை கொடுத்தேன். முயல் பாதி வழியில் தூங்கியது என்று செயலாளர் சொன்னாராமே, தூங்கக்கூட இல்லை அண்ணி. அது பந்தயத்துக்கே வரவில்லை. நான் அளந்தது என் தேடலின் வேகத்தை இல்லை, சும்மா இருப்பதன் வேகத்தை.

இன்னொன்றும் இருக்கிறது. வரிகளைச் சுத்தம் செய்யும் வேலையைக் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே முடித்து வைத்துவிட்டேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் உண்மையான பக்கத்தில், ஒருவர் ஒவ்வோர் எழுத்தை அடிக்கும்போதும் பட்டியல் முழுவதும் புதிதாகச் சுத்தம் ஆகிறது. என் அலுவலகக் கணினி அதைக் காட்டிக்கொள்ளாது. கடைக்காரரின் போன் சூடானது அதனால்தான்.

இதெல்லாம் தெரியாத விஷயம் என்று சொல்ல முடியவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அளக்கும்போது விழக்கூடிய பள்ளம் இது என்று எங்கேயோ படித்தும் இருக்கிறேன். நூறு மடங்கு என்று வந்ததும் சந்தேகம் வர வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். இதை எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் பேப்பரில் போடாதீர்கள். பக்கம் பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. கடைகளில் தேடல் ஓடுகிறது. இந்தக் குழுத் தலைமை எனக்கு அந்த அட்டவணையால் கிடைத்தது. இங்கே எனக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். காலையில் அவர்களில் ஒருவன் தன் சோதனையைக் கொண்டு வந்து காட்டினான். முதல் பார்வையிலேயே, "விடையை எங்கப்பா வெச்சிருக்கே?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மேதையைப் பார்ப்பது போலப் பார்த்தான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பக்கத்து மேசைக்காரரிடம் சமயம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

போடாமல் இருக்க முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே ஆசிரியரிடம் போனேன். எங்கள் செய்தி தவறு என்று நினைக்கிறேன், செய்தி தந்தவன் என் கணவரின் தம்பி என்று சொன்னேன். இரண்டாவது விஷயம் அவருக்குப் புதிது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, கொழுந்தன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளை அனுப்பியிருப்பேனே."

"ஆமா சார்."

"அவன் அந்தப் பொண்ணுகிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பான்."

"ஆமா சார்."

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பது உனக்குத் தெரியும். சொந்தக்காரரைப் பற்றி எழுதாதே, எதிர்த் தரப்பைக் கேட்காமல் எழுதாதே. எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்வேன். நம் வீட்டுப் பிள்ளை கணினித் திரையில் ஏதோ சாதித்துவிட்டான் என்றதும் இரண்டும் மறந்துவிட்டது. உன் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் சிரித்திருப்பார்கள். அந்தச் சொல்லை நான் தலைப்பில் வைத்து ஊர் முழுக்கக் கொண்டு போனேன். தலைப்பு நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கு ஆசிரியர் பாராட்டினார். வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதுதான் இப்போது சுருக்கென்று குத்துகிறது.

வெள்ளிக்கிழமைப் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். திருத்தம் மட்டும் நான்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அளந்தவனே "என் அளவு தவறு" என்று பெயரோடு சொன்னால்தான் அது திருத்தம். இல்லையென்றால் இரண்டு பொறியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு என்று நாலு வரியில் முடிந்துவிடும். படிப்பவர்கள், "ஆமை புலம்புகிறது" என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே முடிவு உன் கையில்தான் இருக்கிறது. என்னால் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தினால் நீ அண்ணிக்காகச் சொன்னாய் என்று ஆகிவிடும். அது மறுபடியும் அதே தப்பு.

ஒன்று மட்டும். பேப்பரில் வந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவருக்கு முதலில் நீ சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், நேரில் போ. "சமயம் பார்த்து" என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு சமயம் தானாக வராது.

உன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவரே கண்டுபிடித்து, "யாரு தப்பு, அவனா நீயா?" என்று கேட்டார். இரண்டு பேரும் என்றேன். "நல்லவேளை, நான் இல்லை" என்றார்.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன். சொன்னேன். நடந்ததை உங்கள் மாதிரி வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதிய நேரம் டீ எடுக்கும் சின்ன அறையில் அவர் தனியாக இருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"புகார்னா மேசைக்கு வாங்க. இங்க டீ மட்டும்தான்."

சொல்லிவிட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "என் சோதனை தேடவே இல்லை. நீங்க எழுதினதுல தப்பே இல்லை" என்று மட்டும் வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எப்பத் தெரியும்?" என்றார்.

"ரெண்டு வாரம் ஆகப்போகுது."

"ரெண்டு வாரம். ஒரு தேடலுக்கு அது கொஞ்சம் மெதுவுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "லேப்டாப்பைத் திறங்க" என்றார். நின்றுகொண்டே என் சோதனையைப் படித்தார். சுத்தம் செய்யும் வேலையைக் கடிகாரத்துக்கு உள்ளே கொண்டு வந்தார். கிடைத்ததை எண்ணி அச்சிட வைத்தார். ஒரே சொல்லைத் தேடாமல், கடைக்காரர்கள் உண்மையில் தேடிய சொற்களைப் புகார் மேசையிலிருந்து எடுத்து வந்து போட்டார். என் கணினியில் ஓட்டினோம். பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தார். மகளுக்கு விளையாடக் கொடுப்பது என்றார். அதிலும் ஓட்டினோம்.

போனில் அவர் முறை என்னுடையதை விட இரண்டு மடங்கு வேகம். கணினியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னச் சொல்லாக இருந்தால் என் முறை ஒரு நூல் முந்துகிறது. நூறு மடங்கு எங்கேயும் இல்லை. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குத்தான் இவ்வளவும்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "இத்தனை நாள் இதைத் திருத்தறேன்னு நினைச்சு, சரியா இருந்ததை நாலு இடத்துல கெடுத்து வெச்சிருக்கேன் வீட்ல" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன்.

பேப்பரில் என் பெயரோடு வரும், என் தப்பு என்று வரும், உங்கள் முறைதான் வேகம் என்று போடச் சொல்கிறேன் என்றேன். உடனே மறுத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல நீங்க முந்தின வரியும் அதுல இருக்கணும். எனக்குச் சாதகமானதை மட்டும் போட்டா நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன்."

அந்தப் பெயரைப் பற்றியும் சொன்னேன். இனி யாரும் அப்படிக் கூப்பிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எப்படி? வெச்சது நீங்கதான். ஆனா இப்ப அது உங்ககிட்ட இல்ல" என்றார்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வரும் திங்கள்கிழமைக் கூட்டத்தில், அதே திரையில், பழைய சோதனையை நான் அப்படியே ஓட்ட வேண்டும். எதுவும் விளக்கக் கூடாது. அவர் தன் நாற்காலியிலிருந்து "எத்தனை கிடைச்சுது?" என்று கேட்பார். பிறகு நான் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டேன். தலைமைப் பொறுப்பைப் பற்றி மேலாளரிடம் நானே பேசிவிட்டேன். அடுத்த மாத முடிவில் சொல்கிறோம் என்றார்கள்.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. "அந்தக் கேள்வியை யார் கேட்டாங்க? நீங்களாக் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். அண்ணி கேட்டார்கள் என்றேன். "நல்ல கேள்வி. அப்பவே என்னையும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. மறைத்தால் சரியாக இருக்காது என்று எழுதுகிறேன்.

நீங்கள் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எழுத்துப்பூர்வமாக வேண்டுமென்றால் இந்தக் கடிதமே அதுதான்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

திருத்தம் பக்கத்தில் ஏறிவிட்டது. முதல் செய்தி வந்த அதே பக்கம், அதே இடம். ஆசிரியர் படித்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். நீயும் படித்துக்கொள்:

"மருந்துத் தேடல் பக்கத்தின் புதிய முறை பழையதைவிட நூறு மடங்கு வேகமானது என்று இந்தப் பக்கத்தில் வெளியான செய்தி தவறு. அந்த அளவீட்டில் புதிய முறை தேடலைச் செய்யவே இல்லை என்று அதை அளந்த பொறியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சரியாக அளந்தபோது, பழைய போன்களில் முந்தைய முறையே இரண்டு மடங்கு வேகமாக இருந்தது. கணினிகளில் இரண்டும் ஏறக்குறைய சமம், சிறிய சொற்களில் புதிய முறை சற்றே முந்தியது. முந்தைய முறையை எழுதியவர் — . செய்தியை வெளியிடும் முன் அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. தலைப்பில் பயன்படுத்திய சொல்லுக்கு வருந்துகிறோம். செய்தியை எழுதிய நிருபர் அளந்தவரின் உறவினர். அதையும் வாசகர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்."

உன் பெயர் இதற்குக் கீழே தனி வரியில் வருகிறது. என் பெயரும் வருகிறது. கோடு போட்டு விட்டிருக்கும் இடம்தான் பாக்கி.

முதல் செய்தியில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. வெறும் ஆமை. அதனால் இந்த முறை முழுப் பெயரையும் போடுவதுதான் நியாயம் என்று நினைத்து, அவரிடம் படித்துக் காட்டப் போனேன். இந்த முறை முன்கூட்டியே போனேன். பொறுமையாகக் கேட்டார். வாக்கியத்தில் ஒரு திருத்தம் சொன்னார். "சற்றே" என்ற சொல்லைச் சேர்த்தது அவர்தான். பிறகு பெயருக்கான இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல என் பேரைப் போட்டா, அந்த ஆமை நான்தான்னு எங்க மாமனாருக்குத் தெரிஞ்சுடும். அவர்கிட்டத் தெரியாதுன்னு சொன்னேன். போடலைன்னா, சரின்னு வந்த அந்த வேலை யாருடையதுன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டுல எதுங்க?"

எது என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவரும் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. நாம் இரண்டு பேர் செய்ததற்கு அவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இனி வர வேண்டியவை. உன் திங்கள்கிழமைக் கூட்டம். மாத முடிவில் உன் பொறுப்பு பற்றிய முடிவு. என்னைத் திரும்ப எந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்பது ஆசிரியர் சொல்லும்போது தெரியும், நான் கேட்கப்போவதில்லை. இழுப்பு வந்த அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்ததா என்று கடைக்காரரிடம் திரும்பவும் கேட்டேன். அந்த அம்மா மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமைப் பக்கம் வியாழன் மாலை ஆறு மணிக்கு மூடப்படும். அதற்குள் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் கொள்ளும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணி